பத்து லட்சம் ரூபாய் வரம்பும் தனியாக வீடு தேடும் பெண்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெண்கள் பெயரில் பதிவாகும் வீடு, மனை, விவசாய நிலம் ஆகியவற்றின் மதிப்பு பத்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைக்கப்படும் என்று 2025-26 நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு அறிவித்து, 2025 ஏப்ரல் 1 முதல் அதை நடைமுறைக்கும் கொண்டுவந்தது. சொத்து பெண்ணின் பெயரில் சேர வேண்டும் என்று ஓர் அரசு எண்ணுவதே வரவேற்கத்தக்கது. மாநிலம் முழுவதையும் கணக்கில் கொண்டால் சிறு தொகைப் பத்திரங்களே மிகுதி என்பதால், கிராமங்களிலும் சிற்றூர்களிலும் இச்சலுகை பல குடும்பங்களுக்கு உதவியிருக்கும் என்பதிலும் எனக்கு ஐயமில்லை. ஆனால் சென்னை, தாம்பரம், ஆவடி மாநகராட்சிப் பகுதிகளில், தன் ஒருத்தியின் சம்பளத்தை நம்பி, இரவில் வேலை முடிந்து அச்சமின்றி நடந்து திரும்பக்கூடிய ஒரு தெருவில் வீடு வாங்க நினைக்கும் பெண்ணுக்கு இந்தச் சலுகையால் ஒரு ரூபாய்கூட மிச்சமாகாது. அப்படிப்பட்ட தெருக்களில் பத்து லட்சத்துக்கு ஒற்றைப் படுக்கையறை வீடுகூட விற்பனைக்கு வருவதில்லை.

நான் நாற்பது வயதைக் கடந்தவள், திருமணம் செய்துகொள்ளவில்லை. தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன்; மேற்கு மாம்பலத்தில் வாடகை வீட்டில் இருக்கிறேன். தனியாக இருக்கும் பெண்ணுக்கு வாடகை வீடு கிடைப்பது எவ்வளவு கடினம் என்பதை உங்கள் நாளிதழே பலமுறை எழுதியிருப்பதால் அதைத் திரும்பச் சொல்லவில்லை. ஓய்வு பெறுவதற்குள் கடன் முடிந்துவிட வேண்டும் என்று கணக்குப் போட்டால் இந்த வயதில் வாங்கியாக வேண்டும் என்பதாலேயே வீடு தேடத் தொடங்கினேன். கணவரை இழந்தவர்கள், மணவிலக்குப் பெற்றவர்கள், பெற்றோரைப் பார்த்துக்கொள்வதற்காகத் தனியாகவே இருந்துவிட்டவர்கள் என்று என்னைப் போன்றோர் நகரத்தில் கணிசமாக இருக்கிறார்கள். அவர்கள் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி ‘எந்த ஏரியா பாதுகாப்பானது, நம் கைக்கு அடங்குவது எது’ என்பதுதான். இந்தக் கேள்விக்கு நம்பத்தகுந்த விடை தரக்கூடிய அலுவலகம் ஒன்றுகூட இல்லை என்பதே என் கவலை.

விற்பவர்களும் புரோக்கர்களும் பாதுகாப்பு என்று சொல்வது பெரும்பாலும் கேட், காவலாளி, கண்காணிப்புக் கேமரா ஆகியவற்றைத்தான். அவை தேவைதான், ஆனால் பெண்ணுக்கு ஆபத்து வாசற்படியில் தொடங்குவதில்லை, ரயிலைவிட்டு இறங்கி, பாலத்தைக் கடந்து, பெரிய தெருவிலிருந்து உள்தெருவுக்குத் திரும்பி, வீட்டுப் பூட்டைத் திறக்கும் வரையிலான அந்த ஒரு கிலோமீட்டர் தூரத்தில்தான் எல்லாம் இருக்கிறது. தாம்பரம், குரோம்பேட்டை, அம்பத்தூர், ஆவடி என்று மின்சார ரயில் பாதையை ஒட்டிய ஊர்களில் விலை ஓரளவு கட்டுக்குள் இருப்பதற்கும், அங்கே பெண்கள் தயங்குவதற்கும் காரணம் அந்த ஒரு கிலோமீட்டர்தான். இரவில் ரயில் நிலையத்திலிருந்து வீடு வரை நடந்து பார்த்தால், மருந்துக் கடை, டீக்கடை, பூக்காரம்மா, டிபன் கடை என்று ஆள் நடமாட்டம் எதுவரை நீள்கிறது, எந்த இடத்தில் அது அறுந்து இருட்டு தொடங்குகிறது என்பது புரிந்துவிடும். அந்த இருட்டுக்குப் பிறகு எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கிறது என்பதைத்தான் நான் ஒவ்வொரு வீட்டிலும் முதலில் பார்க்கிறேன்.

பகலில் போய்ப் பார்த்து எனக்கு மிகவும் பிடித்துப்போன வீடு ஒன்று குரோம்பேட்டைக்கு மேற்கே ஓர் உள்தெருவில் இருந்தது. கிழக்குப் பார்த்த வாசல், கிணறு, பக்கத்திலேயே பள்ளிக்கூடம். தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அம்மாவிடம் சற்று நேரம் பேசிக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார்: “ஸ்கூல் விடுற வரைக்கும் ஒண்ணும் பயமில்ல கண்ணு. ஏழு மணிக்கு மேல இந்தச் செவுத்தோரம் நடக்காதீங்க, லைட்டு எரிஞ்சே ரொம்ப நாளாச்சு, பசங்க உக்காந்து குடிக்கிறாங்க. ஆட்டோவுலயே வந்துடுங்க.” பள்ளியின் நீண்ட சுற்றுச்சுவர் பகலில் அத்தெருவுக்கு அமைதியைத் தந்தது, இரவில் அதே சுவர்தான் ஆளில்லாத ஒரு நீண்ட ஓரத்தை உண்டாக்கியது. பத்திரத்தில், வில்லங்கச் சான்றில், வங்கியின் மதிப்பீட்டு அறிக்கையில், எதிலுமே இந்தச் செய்தி வராது. அந்த அம்மா சொல்லாமல் இருந்திருந்தால் பத்திரம் பதிந்து, தவணை தொடங்கிய பிறகுதான் எனக்குத் தெரிந்திருக்கும்.

நகரின் நடுவே வாங்கிவிட்டால் பாதுகாப்பு தானாக வந்துவிடும் என்று பலர் அறிவுரை சொல்கிறார்கள். 2016 ஜூன் மாதத்தில் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில், காலை வேளையில், பயணிகள் பார்த்துக்கொண்டிருக்க ஓர் இளம்பெண் கொல்லப்பட்டபோது அந்த நிலையத்தில் ஒரு கண்காணிப்புக் கேமராகூட இல்லை. விலை உயர்ந்த பகுதி என்பதும் பாதுகாப்பான பகுதி என்பதும் ஒன்றே என்ற எண்ணத்தை அந்தக் கொடுமை அன்றே உடைத்திருக்க வேண்டும். அதன் பிறகு, பெண்கள் பாதுகாப்புக்கான மத்திய அரசின் நிர்பயா நிதியில் பாதுகாப்பான நகரத் திட்டத்துக்குத் தேர்வான எட்டு நகரங்களில் சென்னையும் இடம்பெற்றது. கேமராக்களும் ரோந்து வாகனங்களும் கூடின. 2022 ஜனவரி முதல் தாம்பரத்துக்கும் ஆவடிக்கும் தனித்தனி காவல் ஆணையரகங்கள் செயல்படுகின்றன. இவை உண்மையான முன்னேற்றங்கள். ஆயினும் எந்தத் தெருவில் விளக்கு எரிகிறது, எந்தப் பகுதியில் எத்தனை சங்கிலிப் பறிப்புப் புகார்கள் பதிவாயின, இரவில் ரோந்து எந்த வழியாகப் போகிறது என்ற விவரம் வீடு வாங்க வருகிறவர் பார்க்கும்படி எங்கும் வைக்கப்படவில்லை.

விளக்கு எரியவில்லை என்று புகார் கொடுப்பதற்குக்கூட முதலில் அந்தத் தெரு யாருடையது என்று தெரிய வேண்டும். சென்னை மாநகராட்சி என்றால் 1913 என்ற எண்ணுக்குச் சொல்லிவிடலாம். புறநகரில் சாலையின் ஒரு பக்கம் மாநகராட்சியாகவும் மறுபக்கம் ஊராட்சியாகவும் இருக்கும் இடங்கள் பல உண்டு. அப்படி எல்லையில் அமைந்த தெருக்களில்தான் வீட்டின் விலையும் குறைவாக இருக்கிறது, விளக்கும் குறைவாக இருக்கிறது. கையில் உள்ள பணம் ஒரு பெண்ணை அந்தத் தெருக்களை நோக்கித்தான் தள்ளுகிறது.

வெள்ளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். குடும்பமாக இருப்பவர்களுக்கும் வெள்ளம் துன்பம்தான்; ஆனால் தரைத்தளத்தில் தனியாக இருக்கும் பெண்ணுக்கு, மின்சாரம் போய், கைபேசி அணைந்து, இடுப்பளவு நீரில் படகுக்காகக் காத்திருப்பது பாதுகாப்புப் பிரச்சினையும்கூட. 2015 டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்தபோது முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மீண்டும் அதே பகுதிகளும், பெரும்பாக்கம், பள்ளிக்கரணை, வேளச்சேரியும் நீரில் நின்றன. பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022-இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அதைச் சுற்றிலும் விற்பனைக்கு நிற்கும் வீடுகளின் விளம்பரங்களில் அந்த நீர் பற்றி ஒரு வார்த்தை இருப்பதில்லை. மேற்குத் தாம்பரத்திற்கு அப்பால் ஒரு குடியிருப்புக்குப் போயிருந்தேன். சுவர்களுக்குப் புதிதாக வெள்ளையடித்திருந்தார்கள். தரைத்தளத்தில் டைல்ஸ் புதிது. ஆனால் படிக்கட்டின் அடியில் இருக்க வேண்டிய ஈபி மீட்டர் பெட்டிகள் அத்தனையும் என் தலைக்கு மேலே, புதிதாக அறைந்த பலகையில் ஏற்றப்பட்டிருந்தன. பழைய இடத்தில் திருகாணித் துளைகள் அப்படியே இருந்தன. ஏன் என்று கேட்டேன். “சும்மா ஒரு சேஃப்டிக்குங்க” என்று புரோக்கர் பேச்சை மாற்றினார். மேலே கேட்காமல் திரும்பிவிட்டேன். வீடு பார்க்கப் போகும் பெண்களுக்கு நான் சொல்வது இதுதான்: சுவரை மறைத்துவிடலாம், மீட்டர் பெட்டியை மறைக்க முடியாது, அதைப் பாருங்கள்.

மாநகராட்சி எந்தத் தெருவில் மோட்டார் வைத்து நீர் இறைத்தது, எங்கே படகு விட்டது, எங்கே நிவாரண முகாம் திறந்தது என்பதெல்லாம் அந்தந்த வார்டு அலுவலருக்குத் தெரியும்; வீடு வாங்க வருகிறவருக்குத்தான் தெரிவதில்லை. காகித விஷயத்தில் நிலைமை வேறு. கட்டுமான நிறுவனங்களின் வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் 2016-ஆம் ஆண்டின் ரெரா சட்டம் வந்த பிறகு, ஐந்நூறு சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் அல்லது எட்டு வீடுகளுக்கு மேல் கட்டுகிற நிறுவனம் பதிவு எண் பெறாமல் விற்க முடியாது. பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்க முடியாது. ஒப்படைத்த பின் ஐந்து ஆண்டுகளுக்குக் கட்டுமானக் குறையைச் சரிசெய்து தர வேண்டும். தனியாக வாங்குகிறவர்களுக்கு இவை பெரிய துணை. வில்லங்கச் சான்றும் பட்டாவும் இணையத்திலேயே கிடைப்பதால், யாரையும் கூட்டிக்கொண்டு அலையாமல் நானே பார்த்துக்கொள்ள முடிகிறது. காகிதத்தைச் சரிபார்க்க இவ்வளவு வழி செய்திருக்கும் அரசு, தெருவைச் சரிபார்க்க வழி செய்யாதது ஏன் என்பதே என் கேள்வி. பதிவுத் துறையின் இணையதளத்தில் ஒவ்வொரு தெருவுக்கும், பத்திரப் பதிவுக்காக அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு என்று ஒரு தொகை ஏற்கெனவே இருக்கிறது. அந்தத் தெருவின் பெயருக்கு நேராகவே, கடந்த பத்தாண்டுகளில் நீர் தேங்கியதா, தெருவிளக்கு யார் பொறுப்பு, குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடையும் வந்துவிட்டனவா, காவல் எல்லை எது என்ற நான்கு விவரங்களைச் சேர்த்துவிட்டால் போதும். பெண்கள் மட்டுமல்லாமல் வீடு வாங்கும் ஒவ்வொருவரும் வாழ்த்துவார்கள்.

இனிப் பணக் கணக்கு. கட்டுநர் முதல்முறையாக விற்கும் அடுக்குமாடி வீட்டுக்கு, 2023 டிசம்பர் முதல், ஐம்பது லட்சம் ரூபாய் வரை நான்கு சதவீத முத்திரைத் தீர்வையும் இரண்டு சதவீதப் பதிவுக் கட்டணமுமாக ஆறு சதவீதமே பெறப்படுகிறது. அதே வீடு கைமாறி இரண்டாவது முறை விற்கப்பட்டால் ஏழும் இரண்டுமாக ஒன்பது சதவீதம். நாற்பத்தைந்து லட்சத்துக்குப் பத்திரம் பதிந்தால், புது வீட்டுக்கு 2.70 லட்சம், பழைய வீட்டுக்கு 4.05 லட்சம். தனியாக வாங்கும் பெண் பெரும்பாலும் பழைய வீட்டைத்தான் தேடுகிறாள். விலை குறைவு என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அந்தத் தெருவில் ஏற்கெனவே மனிதர்கள் வாழ்கிறார்கள், யாரிடம் கேட்டாலும் அந்த இடத்தின் குணத்தைச் சொல்வார்கள், பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று வாங்கும் முன்பே தெரிந்துகொள்ளலாம் என்பது. ஊருக்கு வெளியே புதிதாக எழும்பும் குடியிருப்பில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும், சாலை வந்திருக்காது, பேருந்து வந்திருக்காது. பாதுகாப்பைக் கருதிப் பழைய வீட்டைத் தேர்ந்தெடுக்கும் பெண், அதற்காக மூன்று சதவீதம் கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கிறது. எந்த அதிகாரியும் இப்படி நினைத்து விதி செய்திருக்க மாட்டார். ஆனால் விளைவு இதுதான்.

இந்தச் செலவுக்கு வங்கி கடன் தராது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். முப்பது லட்சத்துக்கு மேல் எழுபத்தைந்து லட்சம் வரையிலான கடன் என்றால், ரிசர்வ் வங்கியின் விதிப்படி வீட்டு மதிப்பில் எண்பது சதவீதம் வரைதான் கடன் கிடைக்கும். நாற்பத்தைந்து லட்ச ரூபாய் வீட்டுக்கு முப்பத்தாறு லட்சம் கடன் போக, கையிலிருந்து ஒன்பது லட்சமும் பதிவுச் செலவு நான்கு லட்சமும், புரோக்கர் கமிஷனும், வக்கீல் கட்டணமும் வேண்டும். எட்டரை சதவீத வட்டியில் இருபது ஆண்டுகளுக்கு மாதத் தவணை முப்பத்தோராயிரத்தைத் தாண்டும். இரண்டு சம்பளம் வரும் வீட்டில் இது பாரம். ஒரு சம்பளத்தில் இது மூச்சைப் பிடித்துக்கொண்டு நடக்கும் நடை. பல வங்கிகள் பெண்களுக்கு வட்டியில் 0.05 சதவீதம் குறைக்கின்றன. முப்பத்தாறு லட்சக் கடனில் அது மாதம் நூறு ரூபாயைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான்.

கடன் கேட்டு நான் போன ஒரு வங்கிக் கிளையில், என் சம்பளச் சான்றும் வருமான வரிக் கணக்கும் சரியாக இருந்தும், இணை விண்ணப்பதாரராகத் தந்தையையோ தம்பியையோ சேர்த்துக்கொண்டு வரச் சொன்னார்கள். என் தந்தைக்கு எண்பது வயது நெருங்குகிறது. வருமானம் ஏதும் இல்லை. வருமானமே இல்லாத ஒருவரின் கையெழுத்து என் கடனுக்கு எந்த வகையில் உறுதியாகும் என்று கேட்டதற்கு, “ஃபேமிலியில இருந்து ஒருத்தர் இருந்தா நல்லதும்மா” என்பதுதான் பதில். வயதும் சம்பளமும் கடன் வரலாறும் சரியாக இருக்கும்போது, திருமணமாகவில்லை என்ற ஒரே காரணத்துக்காக இன்னொரு கையெழுத்தைக் கேட்கக்கூடாது என்று வங்கிகளின் தலைமை அலுவலகங்கள் கிளைகளுக்குத் தெளிவாக எழுத வேண்டும்.

2024-இல் தொடங்கிய பிரதமர் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் கைம்பெண்களுக்கும் தனித்து வாழும் பெண்களுக்கும் முன்னுரிமை என்று சொல்லப்பட்டிருக்கிறது. வட்டி மானியம் பெற, ஆண்டு வருமானம் ஒன்பது லட்சத்துக்குள்ளும் வீட்டின் மதிப்பு முப்பத்தைந்து லட்சத்துக்குள்ளும் இருக்க வேண்டும். கிடைக்கும் மானியம் அதிகபட்சம் 1.80 லட்சம். நல்ல திட்டம்தான். ஆனால் சென்னையில் முப்பத்தைந்து லட்சத்துக்குள் வீடு தேடினால், பெரும்பாலும் ரயில் நிலையத்திலிருந்து விலகி, ஏரிக்கரைப் பக்கம், ஷேர் ஆட்டோ நின்றுபோகும் இடத்துக்கு அப்பால்தான் அது கிடைக்கிறது. பெருநகரங்களுக்கு இந்த வரம்பைத் தனியாக நிர்ணயிக்குமாறு மாநில அரசு மத்திய அரசிடம் கேட்கலாம்.

மற்ற மாநிலங்கள் என்ன செய்கின்றன என்று பார்த்தால் நம் அரசுக்கு வழி தெரியாமல் போகாது. தில்லியில் ஆண்களுக்கு ஆறு சதவீதமாக இருக்கும் முத்திரைத் தீர்வை பெண்களுக்கு நான்குதான். மகாராஷ்டிரத்தில் 2021 ஏப்ரல் முதல் பெண்கள் பெயரில் வாங்கும் வீடுகளுக்கு ஒரு சதவீதச் சலுகை உண்டு. உத்தரப் பிரதேசத்தில் நம்மைப் போலவே பத்து லட்சம் என்று இருந்த வரம்பை, 2025 ஜூலையில் ஒரு கோடியாக உயர்த்திவிட்டார்கள். பெண் கல்வியிலும் பெண்கள் வேலைக்குப் போவதிலும் நாட்டுக்கே முன்னோடி என்று நாம் பெருமை கொள்கிறோம். அந்தப் பெருமைக்குத் தகுதியும் நமக்கு உண்டு. சம்பாதிக்கும் பெண்கள் இத்தனை பேர் இருக்கும் மாநிலத்தில் அவர்கள் வீடு வாங்கும்போது உத்தரப் பிரதேசத்தை விடப் பின்தங்கி நிற்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. ஒரு பெண் தன் பெயரில் முதன்முதலாக வாங்கும் வீட்டுக்கு மட்டும், பழைய வீடானாலும் புது வீடானாலும், அறுபது லட்சம் வரை ஒரு சதவீதமாவது குறைக்கலாம். கணக்கு எழுதிப் பழகியவள் என்ற முறையில் சொல்கிறேன்: முதல் வீடு என்ற நிபந்தனை இருந்தால், பெண்கள் பெயரைப் பயன்படுத்தி வேறு யாரோ லாபம் அடைவதும் பெருமளவு தடுக்கப்படும்.

தனித்திருக்கும் பெண்களை அரசு மறந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. வேலைக்குப் போகும் பெண்களுக்காகத் தாம்பரத்திலும் பிற ஊர்களிலும் அரசு நடத்தும் தோழி விடுதிகளில் தங்கியிருக்கும் இளம்பெண்கள் சிலரை எனக்குத் தெரியும். அங்கே தங்குவதில் அவர்களுக்கு நிறைவு இருக்கிறது. 2021 மே முதல் சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால், எந்தப் பகுதியில் வீடு வாங்கலாம் என்பதையே அந்த வெள்ளைப் பலகைப் பேருந்து எதுவரை போகிறது, கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதை வைத்து முடிவு செய்யும் பெண்களும் இருக்கிறார்கள். இருபத்தைந்து வயதில் விடுதி போதும். நாற்பத்தைந்து வயதில், அறுபத்தைந்து வயதில் அதே பெண் எங்கே இருப்பாள் என்பதுதான் அடுத்து எழும் கேள்வி. 1961-இல் தொடங்கிய வீட்டு வசதி வாரியம் அண்ணா நகரையும் கே.கே. நகரையும் அகலமான தெருக்களோடும் பூங்காக்களோடும் உருவாக்கியது. இன்றும் அந்தத் தெருக்களில் இரவு நடக்கும்போது மனதில் பதற்றம் குறைவாக இருக்கிறது என்றால், வீடுகள் தெருவைப் பார்த்தபடி அமைந்திருப்பதும், நடைபாதையும், கடைகளும் குடியிருப்பும் கலந்திருப்பதும் அதற்குக் காரணம். அதே வாரியம் இன்று ரயில் நிலையங்களுக்கு நடந்து போகும் தூரத்தில், நானூறு, நானூற்றைம்பது சதுர அடியில் சிறிய வீடுகளைக் கட்டி, அவற்றில் ஒரு பகுதியைத் தனித்து வாழும் பெண்களுக்கு என்று ஒதுக்கினால், தவணை கட்ட நாங்கள் தயாராக இருக்கிறோம். இலவசமாக எதையும் கேட்கவில்லை.

உள்ளாட்சிகளிடம் கேட்பது இன்னும் எளிது. ஒவ்வொரு மின்சார ரயில் நிலையத்திலிருந்தும் ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள தெருவிளக்குகளை ஒருமுறை இரவில் நடந்து பார்த்துக் கணக்கெடுக்கட்டும்; நீண்ட சுற்றுச்சுவர்கள் உள்ள இடங்களில் விளக்குகளை நெருக்கமாக அமைக்கட்டும்; இரவு பத்து மணி வரையாவது சிறிய பேருந்துகள் உள்தெருக்களுக்குப் போகட்டும். இதற்குப் பெரிய திட்டமோ வெளிநாட்டுக் கடனோ தேவையில்லை. அப்படிச் செய்துவிட்டால் இன்று பெண்கள் தயங்கும் பல தெருக்கள் வாங்கத் தகுந்த தெருக்களாக மாறும். எங்களுக்குக் கட்டுப்படியாகும் இடங்களின் பட்டியலும் நீளும்.

அடுத்த நிதிநிலை அறிக்கைக்கு முன்பு துறைவாரியாகக் கருத்துக் கேட்கும்போது, பத்து லட்சம் ரூபாய் வரம்பு பற்றிய இந்தக் கோரிக்கை பதிவுத் துறை அமைச்சரின் பார்வைக்குப் போக வேண்டும் என்று விரும்புகிறேன். தங்கள் நிருபர்கள் தாம்பரம், ஆவடி, அம்பத்தூர் ரயில் நிலையங்களிலிருந்து இரவில் வீடு திரும்பும் பெண்களோடு சேர்ந்து நடந்து, எந்தத் தெருவில் விளக்கு இல்லை என்பதைத் தெருப் பெயரோடு வெளியிட்டால், அந்தச் செய்தி உரிய அலுவலரின் மேசைக்கு மறுநாளே போய்ச் சேரும். அந்தப் பட்டியலில் சேர்க்க என்னிடமும் சில தெருக்களின் பெயர்கள் இருக்கின்றன, கேட்டால் அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி,
மேற்கு மாம்பலம், சென்னை.